ஐயரா, உபதேசியாரா?

தாராவியில் குடியேறிய திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் மூதாதையை ‘ஐயர்’ என்றே சொல்லிவந்தனர். குருப்பட்டம் பெற்றவர் என்று பொருள். (மாதுங்காவில் அச்சொல்லுக்குப் பொருளே வேறு!) பழைய வேதாகமத்தின் முதல் தாளிலோ ‘உபதேசியார்’ என்றிருந்தது. செம்பூரில் வாழும் பேத்தி தேடத் தொடங்கினார்.

இங்கிலாந்தில் 1538இல் திருச்சபைப் பதிவேடுகள் கட்டாயமாயின. குடும்பப்பெயரைப் பற்றியபடி குருமார் வழியைத் தேடிச் செல்லலாம். தமிழரிடம் அந்தப் பிடி இல்லை. தந்தை பெயர் முதலெழுத்தாகி, மறுதலைமுறையில் மறைகிறது. ஞானஸ்நானத்தில் பழைய பெயரும் போய்விடும். கடலூர் ஆறுமுகம் 1718இல் ஆரோன் ஆனார். 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றவராதலின் அவருடைய இரு பெயர்களும் மிஷன் ஆவணங்களில் நிலைத்தன. சிற்றூர் உபதேசிமார் எல்லோருக்கும் அப்பேறு வாய்க்கவில்லை.

உபதேசியாரின் மனைவி பெயர் வேதாகமத் தாளிலும் இல்லை. அதற்காகப் பேத்தி இப்போது ஊர் ஆலயத்தின் திருமணப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். ‘ஐயர்’ வழக்கு அப்படியே நிற்கிறது.