கடைமடை

குத்தம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஸ்டுடியோ. ஏரிப் பாசனத்தின் கடைமடையில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு அப்பா கட்டிய மாடி.

நான்கு சிந்தசைசர்கள். மிடி கேபிளில் ஓடுவது சத்தம் இல்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விடணும் என்ற கட்டளை மட்டும்தான். 1983-இல் வந்த ஏற்பாடு. அந்த ஐந்து முள் கேபிளில் இன்றும் நொடிக்கு 31,250 பிட்தான்.

முதல் கருவியின் 'த்ரூ' துளையிலிருந்து இரண்டாவதற்கு, அதிலிருந்து மூன்றாவதற்கு என்று சங்கிலியாகக் கோத்திருந்தேன். நான்காவது மட்டும் அடிக்கடி மாட்டிக்கொள்ளும். நிறுத்தச் சொன்னது காதில் விழாததுபோல் ஒரே சுரத்தில் கத்தும். பழைய சரக்கு, விற்றுத் தொலைக்கலாம் என்றிருந்தேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். "கடைசில இருக்கறத ஏன்டா திட்ற? தண்ணி வர்ற வழியப் பாரு."

அதை முதலில் மாட்டினேன். ஒழுங்காகப் பாடியது. கடைசிக்குப் போன இன்னொன்று கத்தியது. ஒவ்வொரு கருவியிலும் சிக்னல் ஓர் ஆப்டோகப்ளரைத் தாண்டுகிறது; தாண்டும்தோறும் கொஞ்சம் மழுங்குகிறது.

த்ரூ பாக்ஸ் வாங்கினேன். உள்ளே ஒன்று, வெளியே நான்கு. நான்குக்கும் நேர் வழி. ஆனாலும் வாய்க்கால் ஒன்றுதான். ஒரு நோட்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். பத்து சேர்ந்து வந்தால் பத்தாவது வரிசையில் நிற்கும். கருவிக்கொரு போர்ட் உள்ள இன்டர்ஃபேஸ் வாங்கினால்தான் அதுவும் தீரும்.

அப்பா அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோதானா?" என்றார்.

நான்காவதை நான் விற்கவில்லை.