முதலில் உலாவி, கடைசியில் லினக்ஸ்

அக்டோபர் 14, 2025

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் இன்றோடு நிறுத்துகிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியோ புதிய தலைமுறைச் செயலியோ இல்லாத கணினிகள், நன்றாக ஓடினாலும், கைவிடப்படுகின்றன. லினக்ஸுக்கு ஆள் சேர்க்க நல்ல வேளைதான். ஆனால் உதவ வருகிறவர் பென் டிரைவோடு வந்து, ஒரே மாலையில் விண்டோஸை அழித்து லினக்ஸ் மின்ட்டைப் போட்டுவிட்டுப் போனால், புதியவர் மறுநாளே தவித்துப்போவார். கடிதம் தட்டுவது, மின்னஞ்சல் பார்ப்பது, அச்சு எடுப்பது எல்லாம் ஒரே நாளில் அந்நியமாகிவிடும். பிரான்ஸின் ஜாந்தர்மெரி காவல்படை வேறு வழியில் போனது. 2005-ல் ஓப்பன் ஆபீஸ், அடுத்த ஆண்டு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளும். எல்லாமே விண்டோஸின் மேல்தான். உபுண்டு லினக்ஸுக்குப் போகும் முடிவு 2008-ல்தான் வந்தது. அதற்குள் திரையில் தினமும் திறக்கும் மென்பொருள்கள் கைக்குப் பழகியிருந்தன. வீட்டுக் கணினிக்கும் இந்த வரிசையே பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

அக்டோபர் 16

காவல்படையில் மேலிடத்து உத்தரவு செல்லும், வீட்டில் யார் கேட்பார்கள் என்று ஒரு மறுப்பு எழலாம். உத்தரவு போட முடிந்தவர்களே படிப்படியாகப் போனார்கள் என்றால், உத்தரவே இல்லாத இடத்தில் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும்.

தமிழில் தட்டுவது பற்றிய கவலை இதைவிட நியாயமானது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திறக்கும். பார்ப்பவர் கோப்பே கெட்டுவிட்டதென்று பதறுவார். எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவினால் கடிதம் பழையபடி தெரியும். ஆனாலும் விண்டோஸ் இருக்கும்போதே எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றி வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. நிறுவும் முன், பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டி, வன்தட்டைத் தொடாமல், வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று புதியவரையே பார்க்கச் சொல்லலாம். பிரிண்டர் மக்கர் செய்தால் அன்று நிறுவ வேண்டாம்.

டேலியில் கணக்கு எழுதுகிறவரிடம் மாறச் சொல்லி நான் வாதாடமாட்டேன். அவர் பிழைப்பு அந்த மென்பொருளில் இருக்கிறது. உலாவியையும் லிப்ரெ ஆபீஸையும் மட்டும் அவர் பழகிக்கொண்டால் இப்போதைக்குப் போதும்.