உரோமாபுரியில் நான்கு மணி நேரம்



ஆண்டுதோறும் இம்மலரில் பள்ளியின் வளர்ச்சி குறித்து எழுதுவது எம் வழக்கம். இம்முறை ஒரு பயணத்தைப் பற்றியும், அப்பயணத்தில் யாம் கண்டுகொண்ட எம் பிழையொன்றைப் பற்றியும் எழுத விழைகின்றோம்.

2019ஆம் ஆண்டு திசம்பர் விடுமுறையில், அயர்லாந்தில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த எம் மகளைக் காண யாமும் எம் துணைவியாரும் புறப்பட்டோம். இத்தாலி நாட்டின் தலைநகராம் உரோமாபுரியில் விமானம் மாற வேண்டியிருந்தது. காலை 7 மணிக்கு இறங்கினோம். அடுத்த விமானம் மாலை 4 மணிக்கு. இடையே ஒன்பது மணி நேரம்!

"முன்பின் அறியாத ஊர். வழி தவறினால் யாரிடம் கேட்பது? இங்கேயே உட்கார்ந்திருப்போங்க" என்றார் துணைவியார். யாமோ தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டோம். வெளியேற 1 மணி. போக வர 1½ மணி. விமானத்திற்கு 2½ மணி முன்னதாகத் திரும்ப வேண்டும். ஆக 5 மணி. ஒன்பதில் ஐந்து போக நான்கு. மாணவர்களே, நீங்கள் நாள்தோறும் போடும் கழித்தல் கணக்குத்தான் அன்று எமக்குத் துணிவு தந்தது. பெட்டிகளை விமானத்தார் நேரே அனுப்பிவிட்டனர். மலேசியக் கடப்பிதழ் இருந்ததால் விசாவும் தேவைப்படவில்லை. முறுக்குப் பொட்டலம் இருந்த கைப்பை ஒன்றுடன் வெளியே வந்தோம்.

விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவிலுள்ள தெர்மினி நிலையத்திற்கு நேரடிப் புகைவண்டி 32 நிமிடத்தில் செல்கின்றது. ஏறுமுன் பயணச்சீட்டை அங்குள்ள பொறியில் நுழைத்து முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். இஃது எமக்குத் தெரியாது. எம் கையில் சீட்டைக் கண்ட முதியவர் ஒருவர், மொழி அறியாத எம்மைக் கையசைத்து அழைத்து, முத்திரையிட்டுக் கொடுத்தார். இல்லையேல் தண்டம் கட்டியிருப்போம். தெர்மினியிலிருந்து தரைக்கீழ் இரயிலில் இரண்டாம் நிறுத்தம் கொலோசியம்.

படிகளேறி வெளியே வந்ததும் எதிரே அது நின்றது! யாம் படத்தில் மட்டுமே கண்டிருந்த வட்டரங்கு. நுழைவுச் சீட்டுக்கு நின்ற வரிசையோ மிக நீளம். "எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் ஒன்றும் மனத்தில் நிற்காது. இதையே நன்றாகச் சுற்றிப் பாருங்கள்" என்றார் துணைவியார். அதுவே நல்ல அறிவுரையாயிற்று. சிறு வழிகாட்டி நூலொன்று வாங்கி, வெளிப்புறத்தை மெல்ல வலம் வந்தோம்.

வெசுபாசியன் எனும் பேரரசன் தொடங்கிய இவ்வரங்கம், அவன் மகன் தைத்தசு காலத்தில் கி.பி. 80இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 48 மீட்டர் உயரம். தரைத்தளத்தில் 80 வளைவு வாயில்கள். அவற்றுள் 76 வாயில்களுக்கு எண் பொறித்திருந்தனர். மக்கள் தத்தம் சீட்டின் எண்ணைப் பார்த்து வாயிலைக் கண்டுபிடித்தனராம். எஞ்சியிருக்கும் வளைவுகளின் மேல் அவ்வெண்களை இன்றும் படிக்கலாம். கடிகாரத்தில் நீங்கள் காணும் உரோமன் எண்கள்தாம் அவை! பேரரசர் பெயர்களை வரலாறு வைத்திருக்கின்றது. கல் சுமந்தோருள் ஒருவர் பெயரையும் யாம் அங்குக் காணவில்லை. காடழித்து இத்தோட்டத்தை உண்டாக்கிய நம் பாட்டன்மாரை அப்பொழுது நினைத்துக்கொண்டோம்.

சுவரெங்கும் கைந்நுழையும் துளைகள். அவற்றின் காரணத்தை நூலில் தேடியபொழுதுதான் எம் நெஞ்சு துணுக்குற்றது.

1998இல், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் நூலகப் புத்தகத்தில் இவ்வரங்கின் படத்தைக் காட்டி, "ஐயா, இது ஏன் பாதி உடைந்திருக்கிறது?" என்று கேட்டான். தெரியாது என்று சொல்ல எமக்கு நாணம். "படையெடுத்து வந்த பகைவர் இடித்துவிட்டனர்" என்று உறுதிபடக் கூறினோம். அவனும் நம்பினான்.

உண்மை வேறு. 1349இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் தென்புறம் பெருமளவு சரிந்தது. விழுந்த கற்களை அந்நகரத்தாரே எடுத்துச் சென்று அரண்மனைகளும் தேவாலயங்களும் கட்டினர். கற்களை இணைத்திருந்த இரும்புப் பட்டைகளையும் தோண்டி எடுத்தனர். அத்துளைகள் அவ்வாறு வந்தவை. 1749இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் அதனைப் புனித இடமாக அறிவித்த பின்னரே கல்லெடுப்பது நின்றது.

திரும்பும் வழியில் தெருக்குழாய் ஒன்றில் நீர் அருந்தினோம். வளைந்த குழாயைக் கண்டு 'பெருமூக்கு' என்னும் பொருளில் மக்கள் அதற்குப் பெயரிட்டுள்ளனர். 1870களில் தொடங்கி நகரெங்கும் வைக்கப்பட்டவை அவை, காசில்லை. குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலுள்ள சிறு துளை வழியே நீர் வளைந்து பீறிடும், குனியாமலே குடிக்கலாம். லயன் வீட்டுப் பொதுக்குழாயில் வாளியுடன் காத்து நின்று வளர்ந்தவர் எம் துணைவியார். சிறுமிபோல் அவர் மூன்று முறை அடைத்துப் பார்த்துச் சிரித்தார். பின்னர், விமானத்திற்கு மூன்று மணி நேரம் இருக்கையிலேயே நிலையம் வந்து சேர்ந்தோம்.

ஊர் திரும்பிய யாம் புகைப்படங்களை அனைவருக்கும் காட்டினோம். எம் பிழையை மட்டும் எவரிடமும் கூறவில்லை. இவ்வாண்டு மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதே புத்தகத்தை எடுத்து வந்தான். "எதிரிங்க இடிச்சதுன்னு அப்பா சொன்னாரு. நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்களாம். உண்மைதானே ஐயா?" என்றான். அன்று கேட்ட மாணவனின் மகன் அவன். எம் ஒரு சொல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு வீட்டில் உண்மையாய் வாழ்ந்திருக்கின்றது!

அன்று மாலையே அவன் தந்தை வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து, நடந்ததைக் கூறினோம். அவர் சிரித்துவிட்டு, "அதனால என்னங்க ஐயா, இப்பத் தெரிஞ்சுக்கிட்டோம்" என்று தேநீர் தந்தார். அப்பெருந்தன்மைக்கு எம் நன்றி.

மாணவச் செல்வங்களே! வினாக்களைக் கேட்டுக்கொண்டே இருங்கள். எமக்குத் தெரியாதவற்றை இனித் தெரியாது என்றே சொல்வோம். பின்னர் நூலகத்தில் நாம் சேர்ந்தே தேடுவோம்.