முரட்டுச் சங்கீதம்

எங்கள் ஊராகிய கண்ணமங்கலம் வேலூருக்கும் ஆரணிக்கும் நடுவில், ஜவ்வாது மலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. சங்கீத உலகத்தில் எங்கள் ஊருக்கு யாதொரு பிரஸித்தியும் கிடையாது. மார்கழி மாதத்துப் பஜனையும், திருவிழாக் காலத்து மேளமும், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும் தவிர எங்களுக்கு வேறு சங்கீதம் தெரியாது என்று சொன்னால் ஊரார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில், பிள்ளைகளுக்குப் பௌதிகம் கற்பிக்கும் நாற்பத்தைந்து பிராயத்து உபாத்தியாயர் ஒருவர், மீசை நரைக்கத் தொடங்கிய பிறகும் மேல்நாட்டு 'ஹார்டு ராக்' சங்கீதத்தில் மோகம் கொண்டு அலைகிறார் என்றால் வாசகர்கள் நம்புவது சிரமம். ஆயினும் அது உண்மை. அந்த உபாத்தியாயர் நான்தான்.

'ஹார்டு ராக்' என்பதை 'முரட்டுச் சங்கீதம்' என்று தமிழ்ப்படுத்துவது என் வழக்கம். மின்சாரக் கித்தார்கள் உறுமும். டிரம் என்னும் பறைக் கூட்டம் இடிக்கும். பாடுகிறவர் தொண்டை கிழியப் பாடுவார். தகரக் கொட்டகையின்மேல் தென்னங்குலை விழுவது போன்ற சங்கீதம் என்பது என் மனைவியின் அபிப்பிராயம். அதை நான் முழுவதும் மறுக்கத் துணிய மாட்டேன். ஆனால் இந்த முரட்டுக் குடும்பத்திலும் ஒரு நல்ல பிள்ளை உண்டு. அதற்கு 'மெலடிக் ஹார்டு ராக்' என்று பெயர். அந்த உறுமலுக்கும் இடிக்கும் மேலே, யானையின்மேல் பாகன் அமர்வதுபோல, இனிமையான மெட்டு ஒன்று ஏறி அமர்ந்துகொள்ளும். பல்லவி இரண்டாம் முறை வரும்போது, பாஷை தெரியாதவன்கூடத் தானும் சேர்ந்து முணுமுணுப்பான். நான் ரஸிகனானது இந்தப் பிள்ளைக்குத்தான்.

இந்த மோகம் எனக்கு எப்படிப் பிடித்தது என்பதைச் சொல்லவேண்டுமானால், நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். அது பெருமைப்படத் தக்க காரியம் அல்ல.

என் தந்தையார் நெல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதி வந்தார். மார்கழி மாதத்தில் மட்டும் அவர் கணக்கர் அல்ல, பாகவதர். விடியற்காலையில் பஜனை கோஷ்டிக்கு முன்னால், கழுத்தில் ஆர்மோனியப் பெட்டியை மாட்டிக்கொண்டு அவர் பாடி வருவதைக் கேட்டுத்தான் எங்கள் தெருவே கண் விழிக்கும். 1997-ஆம் வருஷம் ஐப்பசி மாதம் அந்தப் பெட்டியின் துருத்தி கிழிந்து போயிற்று. நான் அப்போது வேலூரில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். 'பெட்டியைப் பழுது பார்க்க என்ன ஆகும் என்று விசாரித்து, அச்சாரமும் கொடுத்துவிட்டு வா' என்று சொல்லி, அப்பா 300 ரூபாயை என் கையில் கொடுத்தார்.

அந்த மாலை பழைய காஸெட்டுகள் விற்கும் கடை ஒன்றில் நான் நுழைந்தேன். வெளியே வரும்போது என் பையில் மூன்று காஸெட்டுகள் இருந்தன. சட்டைப் பையில் பஸ் கட்டணம் மாத்திரம் இருந்தது. வீட்டுக்குப் போய், 'பரீக்ஷைக் கட்டணம் திடீரென்று கேட்டார்கள், அப்பா. அந்தப் பணத்தைக் கட்டிவிட்டேன்' என்று சொன்னேன். அப்பா ஒரு கணம் யோசித்தார். 'நல்லதுதான். படிப்பு முந்தி, பாட்டுப் பிந்தி' என்றார். அந்த வருஷம் மார்கழி மாதம் முழுவதும் அவர் பெட்டியில்லாமலே பாடினார். நானோ போர்வைக்குள் காதில் குமிழை மாட்டிக்கொண்டு என் மூன்று காஸெட்டுகளையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, 'பாஸ்டன்' என்னும் அமெரிக்கக் கோஷ்டியார் 1976-இல் வெளியிட்ட, அதே பெயருள்ள ஆல்பம். அதன் கர்த்தாவான டாம் ஷோல்ஸ் என்பவர் எம்.ஐ.டி.யில் படித்த எஞ்சினீயர். பகலெல்லாம் போலராய்டு காமிராக் கம்பெனியில் உத்தியோகம். இரவெல்லாம் வீட்டின் நிலவறையில் சங்கீதம். கித்தார் ஒலியை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அடுக்கி அவர் பதிவு செய்தார். ஒரு தனி மனிதர் நிலவறையில் முடைந்த இந்த ஆல்பம் அமெரிக்காவில் மாத்திரம் 1 கோடியே 70 லட்சம் பிரதிகள் விற்றது. பௌதிகம் படித்தவன் சங்கீதத்துக்கு அந்நியன் அல்ல என்ற தைரியம் எனக்கு அவரால் வந்தது.

இரண்டாவது, இங்கிலாந்தைச் சேர்ந்த 'டெஃப் லெப்பர்ட்' கோஷ்டியாரின் 'ஹிஸ்டீரியா'. அவர்களுடைய டிரம் வாத்தியக்காரரான ரிக் ஆலன், 1984-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி நடந்த மோட்டார் விபத்தில் இடது கையை இழந்தார். அவருக்கு அப்போது வயது 21. கோஷ்டியார் வேறு ஆளைத் தேடவில்லை. இடது கை செய்த வேலையை இடது கால் செய்யும்படி மின்சார மிதிகள் அமைத்துக்கொண்டு அவர் மறுபடியும் பழகினார். 1986-இல் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தார். 1987 ஆகஸ்டில் 'ஹிஸ்டீரியா' வெளியாயிற்று. அதைக் கேட்கிறவர்களுக்கு, வாசிப்பவர் ஒற்றைக் கையர் என்று ஒரு இடத்திலும் தோன்றாது. கணக்கு வரவில்லை என்று முகத்தைத் தொங்கப் போடும் மாணவனுக்கு நான் சொல்லும் கதை இதுதான்.

மூன்றாவது நம் நாட்டுச் சரக்கு. 1984-இல் பம்பாயில் தொடங்கிய 'ராக் மெஷின்' கோஷ்டியாரின் 'ராக் அண்டு ரோல் ரெனிகேட்' என்னும் ஆல்பம், 1988-இல் வெளிவந்தது. இந்திய வாலிபர்கள் மேல்நாட்டார் பாட்டுகளைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், சொந்தமாக இயற்றிய பாட்டுகளை அவர்கள் துணிந்து வெளியிட்டார்கள். பிற்பாடு 1993-இல் 'இண்டஸ் க்ரீடு' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

'அப்படியானாலும் இது அந்நிய சங்கீதம் அல்லவா? நம்மிடம் இல்லாத இசையா?' என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அப்பாவின் கழுத்தில் தொங்கிய பெட்டியின் ஜாதகத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஆர்மோனியத்துக்கு 1842-இல் பாரிஸ் நகரத்தில் தெபேன் என்பவர் உரிமைச் சாஸனம் பெற்றார். கால்மிதியால் வாசித்த அந்த வாத்தியத்தைத் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடும்படி மாற்றியது கல்கத்தா. அந்நிய வாத்தியம், கமகத்துக்கு உதவாது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கி வைத்தது. அந்தத் தடை 1971 வரையில் நீங்கவில்லை. வானொலி கதவைச் சாத்தியிருந்த அத்தனை வருஷமும், நம் ஊர்களின் பஜனை மடங்களில் அது சௌக்கியமாக ராமநாமம் சொல்லிக்கொண்டிருந்தது. பிடிலின் கதையும் இப்படித்தான். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் வெள்ளைக்காரரிடம் பிடில் கற்றுக்கொண்டிராவிட்டால், இன்று நம் கச்சேரிகளின் கதி என்ன? வாத்தியம் எங்கே பிறந்தது என்பது பெரிதல்ல. நம் கைக்கு வந்தபின் அது என்ன பாடுகிறது என்பதே பெரிது.

இதற்கு இந்நாளில் நல்ல அத்தாக்ஷி ஒன்று ஸிக்கிமிலிருந்து கிடைத்திருக்கிறது. காங்டாக்கைச் சேர்ந்த கிரீஷ் பிரதானும் அவருடைய தம்பி யோகேஷும் நண்பர்களுமாக 2009-இல் 'கிரீஷ் அண்டு தி க்ரானிக்கில்ஸ்' என்னும் கோஷ்டியைத் தொடங்கினார்கள். 'பேக் ஆன் எர்த்' 2014-இலும், 'ராக் தி ஹைவே' 2020-இலும் வெளிவந்தன. 2022-இல் அவர்களுடைய 'ஹெய்ல் டு தி ஹீரோஸ்' ஆல்பத்தை இத்தாலியிலுள்ள ஃபிராண்டியர்ஸ் கம்பெனி உலகமெங்கும் வெளியிட்டது. கிரீஷின் சாரீரம் மேல் ஸ்தாயியில் ஏறி நிற்கும்போது, மலை உச்சியில் நின்று எதிர் மலைக்காரனைக் கூப்பிடும் குரல் எனக்கு ஞாபகம் வரும். நானும் மலையடிவாரத்துக்காரன், அந்தக் கூப்பாட்டின் அழகு எனக்குத் தெரியும். ஜார்ஜ் லிஞ்ச், ஜெஃப் பில்ஸன் முதலிய அமெரிக்கப் பழம் புலிகள் தங்கள் 'தி எண்டு மெஷின்' கோஷ்டிக்குப் பாடகர் தேடியபோது அவரையே அழைத்தார்கள். 2024-இல் வெளியான ஆல்பத்தில் அவர் பாடியிருக்கிறார். ஒரு காலத்தில் நாம் அவர்களைக் காப்பியடித்தோம். இப்போது அவர்கள் பாட்டுக்கு நம் மலைக்காரர் குரல் கொடுக்கிறார்.

இந்த 'ஹெய்ல் டு தி ஹீரோஸ்'தான் என்னை அப்பாவிடம் மாட்டி வைத்தது.

2022-ஆம் வருஷம் ஒரு மாலை நேரம். அப்பா திண்ணையில் சாய்ந்திருந்தார். நான் கூடத்தில் அந்த ஆல்பத்தை மெதுவாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். 'அந்தப் பெட்டியை எடுத்து வா' என்று அப்பா குரல் கொடுத்தார். 2004-இல் என் முதற் சம்பளத்தில் பழுது பார்த்துக் கொடுத்த அதே ஆர்மோனியம். அவர் கட்டைகளின்மேல் விரலை ஓட்டித் தேடினார். இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினார். கித்தாரின் உறுமலோடு பெட்டி அப்படியே இழைந்தது.

'என்னடா இது! இவர்கள் ஸட்ஜமும் பஞ்சமமும் தானே பிடிக்கிறார்கள்? இது நம் தம்புரா சுருதி அல்லவா?' என்றார்.

'ஆமாம், அப்பா. இந்தச் சங்கீதத்தில் பெரும்பாலும் அப்படித்தான்.'

'காந்தாரத்தை எங்கே விட்டார்கள்?'

எத்தனையோ வருஷமாக நான் கேட்டுவரும் சங்கீதத்தில், ஒருவரும் என்னை இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. நான் உபாத்தியாயர் ஆகிவிட்டேன். கித்தாரின் ஒலியை மின்சாரத்தால் அளவுக்கு மீறிப் பெருக்கும்போது அலையின் முடி மழுங்கி, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் வித்தியாசமும் தனி ஒலியாகக் கிளம்பும். ஸட்ஜமம் 200 அதிர்வு, பஞ்சமம் 300 என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 100. அது கீழ் ஸ்தாயி ஸட்ஜமம். ஆகையால் சுருதி கெடுவதில்லை. உறுமல் இன்னும் பலப்படுகிறது. கித்தாரில் ஸ்வர ஸ்தானங்கள் சம அளவாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், நடுவில் காந்தாரம் வந்தால் அது 252 அதிர்வாக விழும். ஒரு பக்கத்தில் 52, மறுபக்கத்தில் 48 என்று இரண்டு ஒலிகள் கிளம்பி ஒன்றோடொன்று சண்டையிடும். அதனால்தான் காந்தாரத்தை விட்டுவிடுகிறார்கள்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் பாட்டில் பல்லவி வந்தது. அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

'அதோ, காந்தாரம்! பாடுகிறவனிடம் கொடுத்திருக்கிறார்கள். வாத்தியம் சுருதி மாத்திரம் போடுகிறது. சந்தோஷமா, துக்கமா என்பதை மனுஷன் குரல் சொல்லுகிறது. பரவாயில்லையே!'

நான் இத்தனை காலம் ரஸித்துவந்த சங்கீதத்தின் ரகசியத்தை அப்பா ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். முரட்டுத்தனம் ஸட்ஜம பஞ்சமத்தில் இருக்கிறது. இனிமை, பாடுகிறவனுடைய காந்தாரத்தில் இருக்கிறது.

அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தைரியம் பிறந்தது. 1997-ஆம் வருஷத்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பரீக்ஷைக் கட்டணம் பொய் என்றும், 300 ரூபாயும் காஸெட்டுகளாயிற்று என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிடுவார், 'போடா' என்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. துருத்தியை மெதுவாக மூடிக் கொக்கியை மாட்டினார்.

'அந்த மார்கழியில் பெட்டி இல்லாமல் பாடினேன்' என்றார். 'தெருக்கோடி போவதற்குள் சுருதி இறங்கிவிடும். பாகவதருக்குச் சாரீரம் போய்விட்டது என்று நாலு பேர் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. அதனால்தான் மறு வருஷம் பஜனைக்கு முன்னால் போவதை விட்டுவிட்டேன்.'

அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வயதாகிவிட்டதால் ஒதுங்கிக்கொண்டார் என்றே நான் இருபத்தைந்து வருஷமாக எண்ணியிருந்தேன். 2004-இல் பெட்டியைப் பழுது பார்த்துக் கொடுத்தபோது, கடனைத் தீர்த்துவிட்டதாக மனத்துக்குள் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன். 300 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு மனிதர் தம் குரலில் வைத்திருந்த நம்பிக்கையை எந்தச் சம்பளத்திலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுப்பது?

இரண்டு நாள் அப்பா பெட்டியைத் தொடவில்லை. நானும் பாட்டு வைக்கவில்லை. வீட்டில் முரட்டுச் சங்கீதம் நின்றுபோனதைக் கண்டு என் மனைவிக்கே கவலை உண்டாகிவிட்டது.

மூன்றாம் நாள் மாலை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, அப்பா திண்ணையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

'அந்த ஸிக்கிம் பையன் பாட்டை எடு' என்றார். 'அன்றைக்குப் பல்லவியில் ஓரிடத்தில் எனக்குக் காந்தாரம் பிடிபடவில்லை.'

வைத்தேன். அவர் ஸட்ஜம பஞ்சமத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மிகவும் மெல்லிய குரலில் கூடப் பாடினார். வார்த்தை ஒன்றும் அவருக்குத் தெரியாது. சுருதி மட்டும் இறங்கவில்லை.