எதிர்சாட்சியான ஆய்வேடு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிகாரர் ஒருவரின் மகன், தானே போட்ட காப்புரிமை விண்ணப்பத்துக்கு ஆட்சேப அறிக்கை வந்த பிறகுதான் என்னிடம் வந்தார். அவருடைய கண்டுபிடிப்பு பேட்டரி பற்றியது. லித்தியம் அயன் பேட்டரியின் ஆனோடில் வழக்கமாக இருக்கும் கிராபைட், கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி தாங்கும். சிலிக்கன் ஏறக்குறைய பத்து மடங்கு தாங்கும். ஆனால் லித்தியம் ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல் பருத்து, இறங்கும்போது சுருங்கி, சீக்கிரமே நொறுங்கிவிடும். கிராஃபீன் ஏடுகளுக்கிடையே சிலிக்கனை வைத்தால் நொறுங்கினாலும் மின்தொடர்பு அறாது என்று அமெரிக்காவில் ஹெரால்ட் குங் குழுவினர் 2011லேயே காட்டிவிட்டனர். இவர் உரிமை கேட்டது, பருப்பதற்கு இடம்விட்டுப் பொதியும் தம்முடைய மலிவான செய்முறைக்கு மட்டும்.

பரிசோதகர் எதிராகக் காட்டிய ஆவணம் விண்ணப்பதாரரின் சொந்த முனைவர் பட்ட ஆய்வேடு. ஆய்வேட்டின் மின்பிரதியைப் பொதுவில் வைக்கச் சொல்வது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி; அப்படி வெளியானதைப் புதுமையாகக் கொள்ள மறுப்பது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். ஒரு விதிக்குக் கீழ்ப்படிந்தவரை இன்னொரு விதி தண்டித்தது.

சட்டத்தின் 31ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: அறிஞர் சங்கம் ஒன்றின் முன் படித்த கட்டுரையோ, அதன் வெளியீட்டில் வந்ததோ 12 மாதம்வரை தடையாகாது. பல்கலைக்கழகமும் அறிஞர் சங்கம்தானே என்று வாதாடினேன். இணையக் களஞ்சியம் சங்க வெளியீடு ஆகாது என்றார் அதிகாரி. சட்டத்தின் எழுத்துப்படி அவர் சொன்னதே சரி. அமெரிக்காவிலும் ஜப்பானிலும், கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஓராண்டு அவகாசம் தருகிறார்கள்.

"எம்பையன் எழுதுனதையே அவனுக்கு எதிரா காட்டுறாங்களே, இது எந்த ஊரு நியாயம் சார்?" என்று கேட்டார் தந்தை. அவர் நெய்யும் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது; தலைமுறைகளாக ஊரறிந்த தொழில் என்பதே அதற்குத் தகுதி. மகனுக்கோ ஊரறிந்துவிட்டது என்பதே தடை. இரண்டுக்கும் பதிவகம் கிண்டியில் ஒரே கட்டடம். இதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மேல்முறையீடு செய்யலாம் என்றேன். மகன் ஓரகடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

ஆய்வேட்டை ஒப்படைக்கவிருக்கும் மாணவர்கள் அதற்கு முன்பே தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்துவிடுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் கிடைக்கும்.