கதவு சொல்லிவிட்டுத் திறக்காது

ஞாயிறு காலையில் பண்டமாரான் கடைகளுக்கு முன்னால் பசியாற வந்தவர்களின் கார்கள் வரிசையாக நிற்கும். சைக்கிளில் போகும்போது ஓடும் லோரியைவிட நிற்கும் காருக்குத்தான் எனக்குப் பயம். லோரி சத்தம் போட்டுக்கொண்டு வரும். கதவு சொல்லிவிட்டுத் திறக்காது.

நம் நாட்டில் இடதுபக்கம் ஓட்டுகிறோம். ஓரமாக நிறுத்திய காரில் ஓட்டுநரின் கதவு சாலைப் பக்கம்தான் திறக்கும். அது ஹேண்டிலின் இடது நுனியில் பட்டாலே போதும். ஹேண்டில் இடதுபக்கம் திரும்ப, ஆள் வலதுபக்கம் போய் விழுவார். அங்கே கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரி வந்துகொண்டிருக்கும்.

அதனால் ஒரு மீட்டருக்கு மேலேயே தள்ளிப் போவேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். பக்கக் கண்ணாடி மடங்கியிருந்தால் பெரும்பாலும் பூட்டிவிட்டுப் போயிருப்பார். விரிந்திருந்தால் சந்தேகம்தான். பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்தது என்றால், கதவு திறக்கப்போகிறது என்றே வைத்துக்கொள்வேன். கறுப்புத் தாள் ஒட்டிய காரில் உள்ளே தலை இருக்கிறதா என்றுகூடத் தெரியாது.

பிரிட்டனின் சாலை விதி நூல் 2022 ஜனவரியில் ஒன்று சேர்த்தது: கதவுக்கு எட்ட உள்ள கையால் திறங்கள். நெதர்லாந்துப் பழக்கம். நம் ஓட்டுநர்களுக்கு அது இடது கை. அதை நீட்டினால் தோள் தானாகத் திரும்பும், கண் பின்பக்கம் போகும்.

புதிதாக லைசன்ஸ் எடுத்த அக்கா மகனிடம் சொன்னேன். “அந்தக் கையிலதானே மாமா போன் இருக்கு” என்கிறான்.