பூஞ்சை

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில், மூடப்போகும் ஸ்டுடியோ ஒன்றில் என் ஃபிலிம் காமிராவுக்குப் பொருந்தும் லென்ஸ்கள் இரண்டு இருந்தன. ஒன்று ஜப்பானியது, 50 மி.மீ., பார்வைக்குப் புதிது. மற்றது சோவியத் ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ.; வர்ணம் தேய்ந்து, முன்கண்ணாடியில் ஒரு கீறல். ஸ்டுடியோக்காரர் ஜப்பானியதைத்தான் என் பக்கம் தள்ளினார்.

துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜப்பானியதின் உள்ளே சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சை.

"தொடைச்சா போயிடும் சார்."

போகாது. பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்டால், துடைத்த பின்னும் தடம் இருக்கும். நம் ஊர் ஈரத்தில், பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டிவைத்த லென்ஸ்தான் முதலில் கெடுகிறது. எல்லாரும் பயப்படுவது வெளிக்கீறலுக்கு. அது படத்தில் அநேகமாகத் தெரியாது. (நம் விமர்சகர்கள் கவிதையில் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் வெளிக்கீறல்தான்.)

ஹீலியோஸ், ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டாரைப் பார்த்துச் செய்த பிரதி. அசல்தன்மை பற்றி வாய் கிழியப் பேசுகிற எனக்கு இது கொஞ்சம் உறுத்தல்தான். ஆனால் இதில் துவாரம் தானாகச் சுருங்குவதில்லை. வளையத்தைத் திருகி நாமே சுருக்க வேண்டும். பழுதாகிற உறுப்பு ஒன்று குறைவு. எட்டுத் தகடுகளிலும் எண்ணெய்க் கசிவில்லை. ஃபோகஸ் கனமாக, சீராகத் திரும்பியது.

"உறுதியான லென்ஸா வேணும்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஆள் போயிட்டான். காமிரா நின்னுது சார்."

1991 மே 21 இரவு. ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் புகைப்படக்காரர் ஹரிபாபுவும் ஒருவர். அவர் காமிராவிலிருந்த ஃபிலிம் கெடவில்லை. அதிலிருந்த பத்துப் படங்களைக் கொண்டுதான் புலனாய்வு நகர்ந்தது. கொலையைப் பதிவு செய்யப் போனவர், கொலையாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டார். உறுதி என்ற சொல்லை இந்த ஊரில் யோசித்துத்தான் உபயோகிக்க வேண்டும் போலிருக்கிறது.

ஜப்பானியதற்குக் கேட்டதில் பாதி விலைக்கு ஹீலியோஸை வாங்கிக்கொண்டேன்.

இங்கே எது எத்தனை நாள் நிற்கும்? நோக்கியாவின் செல்போன் ஆலை 2006இல் வந்தது, 2014இல் மூடியது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிமும் இப்போது கிடையாது; வெளிநாட்டுச் சுருளைத்தான் போட்டேன்.

ஒரகடம் சாலையில், விடியற்காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்களை எதிர்வெயிலில் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் முகங்களின் மேல் ஒரு வெளிறல். கீறல் தெரிந்துவிட்டது. மறுபடி எடுக்கலாமென்று இரண்டு மாதம் கழித்துப் போனேன். அந்த பஸ் இப்போது அங்கே நிற்பதில்லை என்றார் டீக்கடைக்காரர்.